உறுப்புகள் வந்த வழி

மனித உடற்கூறியலில் பார்த்த மாத்திரத்தில் காரணம் பிடிபடாத செய்திகள் பல உண்டு. கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழுதான். கழுத்துத் தண்டுவட நரம்புகளோ எட்டு ஜோடி. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கிடக்கும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. விதைப்பைக்குள் இருக்கும் விந்தகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, சிறுநீரகத்துக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து பிரிகிறது. குடல்வால் வீங்கினால் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்குகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கரு வளரும் முறையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. ஓர் உறுப்பு எந்த இடத்தில் முளைக்கிறதோ, பெரும்பாலும் அந்த இடத்து நரம்புதான் அதற்கு வாய்க்கிறது. பிறகு உறுப்பு இடம் மாறினாலும் நரம்பை விடுவதில்லை. கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

வளர்ச்சியின் கால அளவைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். மருத்துவமனையில் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் பேறுகாலம் 40 வாரம். கருவியலில் கருவுற்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதில் 38 வாரம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வார வித்தியாசம் இருப்பதைக் கவனிக்காமல்தான் பல மாணவர்கள் விடையைத் தவறவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் எல்லா நாட்களும் வாரங்களும் கருவுற்றதிலிருந்து எண்ணப்பட்டவை.

பெண்ணின் அண்டம் உடலின் மிகப் பெரிய செல்களில் ஒன்று. குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அப்படியிருந்தும் பாலூட்டிகளின் அண்டத்தை முதன்முதலில் கண்டு சொல்ல 1827 வரை ஆயிற்று. கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர். கருவுறுதல் நடக்கும் இடம் கருப்பை அன்று. ஃபாலோப்பியன் நாளத்தின் அகன்ற பகுதியான ஆம்புல்லா. கோடிக்கணக்கில் புறப்பட்ட விந்தணுக்களில் அங்கே சென்று சேர்பவை சில நூறுதான். அவற்றுள் ஒன்று அண்டத்தின் சவ்வோடு இணைந்ததும், அண்டத்தின் விளிம்பில் காத்திருந்த நுண்துகள்கள் தம் பொருளை வெளியே கொட்டுகின்றன. சுற்றியுள்ள ஜோனா பெலுசிடா என்னும் உறை இறுகி, மற்ற விந்தணுக்களுக்கு வழி அடைபடுகிறது. பாதியில் நின்றிருந்த இரண்டாம் குன்றல் பகுப்பை அண்டம் அப்போதுதான் முடிக்கிறது. அண்டத்தின் 23 குரோமோசோம்களும் விந்தணுவின் 23 குரோமோசோம்களும் சேர்ந்து 46 ஆகின்றன.

அடுத்த சில நாட்களுக்குச் செல்கள் பெருகுகின்றனவே தவிர, கருவின் அளவு கூடுவதில்லை. உறைக்குள் இருந்தபடியே ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிளக்கிறது. மூன்றாம், நான்காம் நாளில் அது மொருலா என்னும் செல் திரளாகிக் கருப்பையை அடைகிறது. ஐந்தாம் நாள் உள்ளே நீர் சேர்ந்து கருக்கோளம் உருவாகிறது. செல்களுக்குள் முதல் பிரிவினை இங்கேதான். வெளிச்சுவராக அமைந்த டிரோபோபிளாஸ்ட் செல்கள் நஞ்சுக்கொடிக்கு உரியவை. உட்புறம் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் சிறு செல் கூட்டம் குழந்தைக்கு உரியது. ஒற்றைக் கருவிலிருந்து பிறக்கும் இரட்டையரில் பெரும்பாலோர் இந்த உட்கூட்டம் இரண்டாகப் பிரிந்ததால் உண்டானவர்கள். அதனால் அவர்களுக்கு நஞ்சுக்கொடி பொதுவாகவும் பனிக்குடம் தனித்தனியாகவும் இருக்கின்றன.

ஆறாம், ஏழாம் நாளில் கருக்கோளம் உறையை விட்டு வெளிவந்து கருப்பையின் உட்சுவரில் புதையத் தொடங்குகிறது. டிரோபோபிளாஸ்ட் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, அடுத்த மாதவிலக்கு வராமல் தடுக்கிறது. வீட்டில் செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனை சிறுநீரில் தேடுவது இந்த ஹார்மோனைத்தான்.

இரண்டாம் வார முடிவில் கரு ஈரடுக்குத் தட்டு. மேலடுக்கு எபிபிளாஸ்ட், கீழடுக்கு ஹைப்போபிளாஸ்ட். மூன்றாம் வாரம் கருவியலில் மிக முக்கியமான வாரம் என்று சொன்னால் மிகையில்லை. பதினைந்தாம் நாளை ஒட்டி எபிபிளாஸ்ட்டின் நடுக்கோட்டில், வால் பக்கமாக ஒரு பள்ளம் தோன்றுகிறது. அதற்கு ஆதிக்கோடு என்று பெயர். செல்கள் இரு பக்கமும் இருந்து அந்தப் பள்ளத்தை நோக்கி நகர்ந்து உள்ளே இறங்குகின்றன. முதலில் இறங்கியவை ஹைப்போபிளாஸ்ட்டை ஒதுக்கி அக அடுக்காகின்றன. அடுத்து இறங்கியவை பரவி நடு அடுக்காகின்றன. இறங்காமல் மேலேயே நின்றவை புற அடுக்கு. மூன்று அடுக்குகளும் எபிபிளாஸ்ட் ஒன்றிலிருந்தே வருகின்றன என்பதை மாணவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். ஹைப்போபிளாஸ்ட்டுக்குக் குழந்தையின் உடல் அமைப்பில் கிட்டத்தட்ட பங்கே இல்லை.

புற அடுக்கிலிருந்து மேல்தோலும் மூளை, தண்டுவடம் முதலான நரம்பு மண்டலமும் வருகின்றன. எலும்பு, தசை, இதயம், ரத்தம், சிறுநீரகம் ஆகியவை நடு அடுக்கின் ஆக்கம். உணவுப் பாதை, சுவாசப் பாதை ஆகியவற்றின் உட்பூச்சும் கல்லீரல், கணையம், தைராய்டு ஆகியவற்றின் சுரக்கும் செல்களும் அக அடுக்கைச் சேர்ந்தவை. இந்த அட்டவணை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அட்டவணைக்குள் அடங்காதவையே கற்றுக்கொள்ள ஏற்றவை. அட்ரினல் சுரப்பி ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் புறணி நடு அடுக்கிலிருந்தும், அகணி புற அடுக்கிலிருந்து பிரியும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்தும் வந்தவை. அதனால்தான் புறணி கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டுகளைச் சுரக்கிறது. அகணியோ பரிவு நரம்பு மண்டலத்தின் ஓர் உறுப்புபோல அட்ரினலினை வெளிவிடுகிறது. பிட்யூட்டரியும் அப்படித்தான். அதன் முன்கதுப்பு கருவின் வாய்க்கூரையிலிருந்து மேல்நோக்கி எழுந்த பை. பின்கதுப்பு மூளையின் அடித்தளத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கிய நீட்சி. இரண்டும் நடுவழியில் சந்தித்து ஒட்டிக்கொண்டன. முன்கதுப்பு தன் ஹார்மோன்களைத் தானே உண்டாக்குவதும், பின்கதுப்பு ஹைப்போதலாமஸ் உண்டாக்கியதைச் சேமித்து வெளியிடுவதும் இந்தப் பிறப்பு வேறுபாட்டால்தான்.

நடுக்கோட்டில் நடு அடுக்கின் செல்கள் முதுகுநாணாகத் திரள்கின்றன. மனிதருக்கு அது நிலைப்பதில்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளின் மையத்தில் கொஞ்சம் எஞ்சுகிறது. ஆனால் அது இருக்கும் காலத்தில் செய்யும் வேலை பெரிது. தனக்கு மேலே உள்ள புற அடுக்கை நரம்புத் தட்டாக மாற்றும் சமிக்ஞைகளை அனுப்புவது முதுகுநாணும் அதன் அருகிலுள்ள செல்களும்தான். ஒரு திசு பக்கத்துத் திசுவின் விதியைத் தீர்மானிக்க முடியும் என்பதை நிறுவியவர்கள் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும். நீர்ப்பல்லியின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி வேறொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது முதுகுத்தண்டும் தலையும் கொண்ட இன்னொரு கரு முளைத்தது. ஆய்வு 1924இல் வெளியானது. அந்த ஆண்டே மாங்கோல்ட் தீ விபத்தில் இறந்துபோனார். 1935இல் ஸ்பேமனுக்கு மட்டும் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்புத் தட்டின் இரு விளிம்புகளும் எழுந்து, நடுவே குழிந்து, 22ஆம் நாளை ஒட்டிக் கழுத்துப் பகுதியில் ஒன்றோடொன்று சேர்ந்து நரம்புக் குழலாகத் தொடங்குகின்றன. அங்கிருந்து இணைப்பு தலைப் பக்கமும் வால் பக்கமும் ஒருசேர நகர்கிறது. தலைமுனை ஏறத்தாழ 25ஆம் நாளும் வால்முனை 28ஆம் நாளுக்குள்ளும் மூடிவிட வேண்டும். தலைமுனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. வால்முனை மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து, தண்டுவடம் வெளித்தெரியும் குறை உண்டாகிறது. ஃபோலிக் அமிலம் இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கும் என்பது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில் உறுதியானது. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம், மறுபடி வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது. இங்கே நாட்களைக் கவனிக்க வேண்டும். 28ஆம் நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் நேரத்தில் குழல் மூடியிருக்கும், அல்லது மூடத் தவறியிருக்கும். ஆகவே மாத்திரையைக் கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்குவதைவிட, குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குவதே சரி.

குழலின் இரு பக்கமும் நடு அடுக்கு சோமைட்டுகள் என்னும் கண்டங்களாகப் பிரிகிறது. தலையிலிருந்து வால் நோக்கி வரிசையாக உண்டாகி, ஐந்தாம் வார முடிவில் 42 முதல் 44 ஜோடி வரை இருக்கும். ஒவ்வொரு சோமைட்டும் எலும்புக்கும் தசைக்கும் தோலின் உள்ளடுக்குக்கும் செல்களைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டுவட நரம்பு. ஆனால் ஒரு சோமைட் ஒரு முள்ளெலும்பு ஆவதில்லை. ஒன்றின் கீழ்ப்பாதியும் அடுத்ததன் மேல்பாதியும் சேர்ந்தே ஒரு முள்ளெலும்பு உருவாகிறது. இதனால் நரம்பு இரண்டு எலும்புகளுக்கு நடுவே வெளியேறவும், தசை ஒரு மூட்டைத் தாண்டி அடுத்த எலும்பில் பற்றவும் முடிகிறது. கழுத்தில் எட்டு சோமைட்டுகள். முதலாவதன் மேல்பாதி மண்டையோட்டின் அடிப்பகுதியோடு சேர்ந்துவிடுகிறது. மிஞ்சியவற்றிலிருந்து முள்ளெலும்புகள் ஏழு. நரம்புகள் மட்டும் எட்டாகவே நிற்கின்றன.

நான்காம் வாரத்தில் தட்டையான கரு உடலாக மடிகிறது. வெற்றிலையின் ஓரங்களை உள்நோக்கிச் சுருட்டுவதுபோல் இரு பக்கமும் கீழே மடிய, அக அடுக்கு குழாயாகி உணவுப் பாதையாகிறது. அதே நேரத்தில் தலைப்பக்கமும் வால்பக்கமும் மடிகின்றன. தலை மடிப்புக்கு முன் இதயத்துக்கான இடம் மூளைக்கும் முன்னால் இருந்தது. இதயத்துக்கும் முன்னால், உதரவிதானத்தின் நடுப்பகுதியாகப்போகும் திசு இருந்தது. தலை கவிழ்ந்து மடிந்ததும் இரண்டும் கழுத்துக்குக் கீழே வருகின்றன. உதரவிதானம் கழுத்துச் சோமைட்டுகளுக்கு எதிரே இருக்கும்போது மூன்றாம், நான்காம், ஐந்தாம் கழுத்து நரம்புகளின் கிளைகள் அதைச் சென்றடைகின்றன. முதுகுப்புறம் வேகமாக வளர வளர, உதரவிதானம் மார்பைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. நரம்பும் நீண்டு, இதய உறையின் இரு பக்கமும் ஒட்டி இறங்குகிறது. பித்தப்பை அழற்சியிலோ, மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும்போதோ உதரவிதானம் உறுத்தப்பட்டு, நோயாளி தோள்பட்டை வலிக்கிறது என்பார். தோளின் தோலுக்கும் உணர்வு தருவது அதே கழுத்து நரம்புகள்தான். கழுத்துத் தண்டுவடம் ஐந்தாம் நரம்புக்குக் கீழே அறுபட்டவர் கைகால் பெரும்பாலும் அசையாமல் கிடந்தாலும் தானாக மூச்சுவிட முடிவதும் இதனால்தான்.

கழுத்துப் பகுதியில் நான்காம், ஐந்தாம் வாரங்களில் தொண்டை வளைவுகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குருத்தெலும்புத் துண்டு, ஒரு தமனி, ஒரு நரம்பு உண்டு. முதல் வளைவிலிருந்து தாடையும், நடுச்செவியின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் வருகின்றன. இரண்டாவதிலிருந்து அங்கவடி எலும்பும் நாவடி எலும்பின் மேல்பகுதியும் வருகின்றன. மெல்லும் தசைகளுக்கு ஐந்தாம் மூளை நரம்பும் முகபாவத் தசைகளுக்கு ஏழாம் நரம்பும் ஏன் என்ற கேள்விக்கு இந்த வரிசையே விடை. ஆறாம் வளைவின் நரம்பு குரல்வளைக்குப் போகிறது. முதலில் அது ஆறாம் வளைவின் தமனிக்குக் கீழாக நேரே சென்று சேர்கிறது. பிறகு கழுத்து நீண்டு, இதயமும் தமனிகளும் மார்புக்குள் இறங்க, நரம்பு தமனியில் மாட்டிக்கொண்டு கீழே இழுபடுகிறது. இடப்பக்கம் ஆறாம் தமனி பிறப்பு வரை இருப்பதால் நரம்பு மார்புக்குள் பெருந்தமனி வளைவைச் சுற்றிவிட்டே மேலேறுகிறது. வலப்பக்கம் அந்தத் தமனியின் பகுதி மறைந்துவிடுவதால், நரம்பு நழுவி மேலே போய் நான்காம் வளைவின் தமனியில் தங்குகிறது. அதுதான் காறையடித் தமனி. காரணமில்லாமல் குரல் கம்மிப்போன ஒருவருக்கு மருத்துவர் மார்பைப் படமெடுக்கச் சொல்கிறார். இடது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டியோ பெருந்தமனி வளைவில் வீக்கமோ இருந்தால் இந்த நரம்புதான் நசுங்கும். ஒட்டகச்சிவிங்கியிலும் இதே சுற்றுவழி. அங்கே நரம்பின் நீளம் பல மீட்டர்.

தைராய்டு நாக்கின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்துக்கு இறங்குகிறது. வந்த பாதை முழுதும் மூடாமல் போனால் கழுத்தின் நடுவே கட்டி வருகிறது. நோயாளியை நாக்கை நீட்டச் சொன்னால் கட்டி மேலே எழும்பும். மாணவர்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறப்பதற்கில்லை.

குடலின் கதை நீளம். வயிறு சிறியது, கல்லீரல் பெரியது. வேகமாக நீளும் நடுக்குடலுக்கு இடம் போதாமல் ஆறாம் வாரத்தில் அது தொப்புள் கொடிக்குள் புடைத்துக்கொண்டு போகிறது. மேல் குடல்தாங்கித் தமனியை அச்சாகக் கொண்டு, முன்னிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக மொத்தம் 270 பாகை திரும்பி, பத்தாம் வாரத்தில் வயிற்றுக்குள் திரும்புகிறது. கடைசியாக உள்ளே வரும் பெருங்குடல்முனை வலப்பக்கம் கீழே இறங்கித் தங்குகிறது. குடல்வால் அதனோடு போகிறது. ஆனால் அதன் உணர்வு நரம்புகள் பத்தாம் மார்பு நரம்பின் மட்டத்தில் தண்டுவடத்தில் நுழைகின்றன. தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பும் அதுவே. குடல்வால் அழற்சி தொடங்கும்போது நோயாளி தொப்புளைக் காட்டுகிறார். அழற்சி பரவி வயிற்றுச் சுவரின் உறையைத் தொட்ட பிறகே வலி வலது அடிவயிற்றுக்கு மாறுகிறது.

சிறுநீரகம் இடுப்புக்குழியில் தோன்றி மேலே ஏறுகிறது. விந்தகம் மேலே தோன்றிக் கீழே இறங்குகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைப் பயணம். சிறுநீரகம் ஏறும் வழியில் பழைய தமனிகளை விட்டுப் புதியவற்றைப் பெறுகிறது. தொடக்கத்தில் சொன்ன பொதுவிதிக்கு ரத்தக் குழாய் வகையில் இது விலக்கு. பழையது ஒன்று மறையாமல் நின்றால் சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள் இருக்கும். அறுவை செய்வோர் இதை எதிர்பார்த்தே கத்தியை எடுக்கிறார்கள். இரண்டு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டால் லாட வடிவமாகி, கீழ் குடல்தாங்கித் தமனி தடுக்க, அதற்குமேல் ஏற முடியாமல் நின்றுவிடுகின்றன.

விந்தகம் உருவாவதா என்பதை ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு தீர்மானிக்கிறது, இது 1990இல் அடையாளம் காணப்பட்டது. ஏழாம் வாரத்தை ஒட்டி விந்தகம் உருக்கொள்கிறது. சிறுநீரகத்தின் அருகே பிறந்து, ஏழாம் மாதம் கவட்டுக் கால்வாயைக் கடந்து, பெரும்பாலும் பிறப்புக்கு முன் விதைப்பைக்கு வந்து சேர்கிறது. தமனி, சிரை, நிணநாளம் மூன்றையும் பிறந்த இடத்திலிருந்தே கொண்டுவருகிறது. ஆகவே விந்தகப் புற்றுநோய் முதலில் பரவுவது கவட்டு நிணமுடிச்சுகளுக்கு அன்று. வயிற்றின் பின்சுவரில் பெருந்தமனியை ஒட்டிய முடிச்சுகளுக்கு. இறங்காத விந்தகத்தைப் பெற்றோர் தானாகச் சரியாகிவிடும் என்று பல ஆண்டு விட்டுவைக்கக் கூடாது. உடல் வெப்பத்தில் விந்தணு உற்பத்தி கெடும். புற்றுநோய் வாய்ப்பும் கூடும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் மருத்துவரைப் பார்த்து, ஒரு வயதை ஒட்டி அறுவை செய்துகொள்வது நல்லது.

கைமொட்டு நான்காம் வாரத்தில் தோன்றுகிறது; கால்மொட்டு ஓரிரு நாள் கழித்து வருகிறது. எட்டாம் வார முடிவில் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. தாலிடோமைடு மாத்திரை 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்டது. கைகால் மொட்டுகள் உருவாகும் நாட்களில் அதை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறுகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. எட்டு வாரத்துக்குள் எல்லா உறுப்புகளுக்கும் அடித்தளம் இட்டுவிடுவதால், மருந்து வகையில் இந்தக் காலத்துக்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும்.

முதலில் வேலை செய்யத் தொடங்கும் உறுப்பு இதயம். 22ஆம் நாளை ஒட்டி, வெறும் குழாயாக இருக்கும்போதே துடிக்கிறது. பிறகு வலப்பக்கமாக வளைந்து, எட்டாம் வாரத்துக்குள் உட்சுவர்கள் எழும்பி நான்கு அறைகளாகிறது. கருவில் நுரையீரல் காற்றின்றி நீர் நிறைந்து கிடப்பதால் ரத்தம் அதைத் தவிர்த்துச் செல்ல வழிகள் உள்ளன. நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தொப்புள் சிரையில் வருகிறது. அதில் ஒரு பங்கு கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே வலது ஏட்ரியத்தை அடைகிறது; அங்கிருந்து நீள்வட்டத் துளை வழியாக இடது ஏட்ரியத்துக்குத் தாவி மூளைக்கு முதலில் போகிறது. நுரையீரல் தமனிக்குள் போன ரத்தத்தில் பெரும்பகுதியும் தமனி நாளம் வழியாகப் பெருந்தமனியில் சேர்ந்துவிடுகிறது. அந்த நாளம் வேறெதுவும் அன்று, இடது ஆறாம் வளைவின் தமனிதான்.

குழந்தை முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. அதன் ரத்தக் குழாய்களில் தடை சட்டென்று குறைகிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் இடது ஏட்ரியத்தில் நிறைந்து அழுத்தம் கூட, துளையின் மேலுள்ள மெல்லிய மடல் சுவரோடு அழுந்தி வழியை அடைக்கிறது. தமனி நாளம் ஆக்சிஜன் மிகுதியாலும் புரோஸ்டாகிளாண்டின் குறைவாலும் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி, சில வாரங்களில் நாராகிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளில் அது மூடாமல் நின்றால் மருந்தால் மூட வைக்கலாம். தொப்புள் சிரை கல்லீரலின் முன்னுள்ள வட்ட நாணாக மாறுகிறது. நீள்வட்டத் துளையின் மடல் காலப்போக்கில் சுவரோடு ஒட்டிவிடுகிறது. ஆனால் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுதும் ஒட்டுவதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை எதுவும் வருவதுமில்லை.